நடக்காத வரலாறும் நம் தோட்டங்களும்

வரலாற்றுத்துறை மாணவர்கள் நான்கு பேர் ஓரிடத்தில் கூடிவிட்டால் ஒரு விளையாட்டு தவறாமல் நடக்கும். 'இப்படி நடந்திருந்தால்?' என்னும் விளையாட்டு. நான் படித்த காலத்திலும் நம் கழகத்தில் அது நடந்தது. அண்மையில் பழைய மாணவன் என்ற முறையில் ஒரு கலந்துரையாடலுக்கு அழைக்கப்பட்டுப் போயிருந்தபோதும் நடந்தது. அன்றைய பேச்சு சரயேவோவைப் பற்றியது. 1914ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள், ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டின் காரோட்டி தவறான தெருவில் திரும்பிவிட்டார். வண்டியை நிறுத்திப் பின்னுக்கு எடுக்க முயன்ற இடத்தில்தான் காவ்ரிலோ பிரின்சிப் துப்பாக்கியோடு நின்றிருந்தான். அந்தக் கார் நேரே போயிருந்தால் முதல் உலகப் போர் வந்திருக்குமா? ரஷ்யப் புரட்சி நடந்திருக்குமா? ஹிட்லர் தலையெடுத்திருப்பானா? ஒரு மணி நேரம் அனல் பறந்தது.

பின் வரிசையில் அமர்ந்திருந்த ஒரு மாணவி மட்டும், "சரி, அந்தக் காரு நேரா போயிருந்தா நம்ம தோட்டத்துல என்ன மாறியிருக்கும்?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்றிரவு ரவாங் சாலையில் வண்டியோட்டிக்கொண்டு வீடு திரும்புகையில் சிரிப்பு வரவில்லை. இக்கட்டுரை அந்த மாணவிக்கு நான் தரும் தாமதமான பதில்.

நான் பிறந்தது பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்துத் தோட்டமொன்றில். 2007க்குப் பிறகு அந்த ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர். எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான். அங்கே எங்கள் நிலைக்கு மூன்று விளக்கங்களைக் கேட்டு வளர்ந்தேன். லயத்துப் பெரியவர்கள் 'தலையெழுத்து' என்றார்கள். மேடைப் பேச்சாளர்கள் 'வெள்ளைக்காரனின் சூழ்ச்சி' என்றார்கள். பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகு படித்த நூல்கள் 'காலனித்துவப் பொருளாதாரத்தின் தவிர்க்க முடியாத விளைவு' என்றன. மூன்றும் வேறு வேறு குரல்கள், சொல்வது ஒன்றைத்தான். எந்த இடத்திலும் யாரும் வேறு மாதிரி செய்திருக்க முடியாதாம். இதை நான் ஏற்கவில்லை. பல இடங்களில் பலர் வேறு மாதிரி செய்திருக்கலாம். அந்த இடங்கள் எவை என்று அடையாளம் காண்பதற்கு இந்த 'இப்படி நடந்திருந்தால்' விளையாட்டைவிடப் பொருத்தமான கருவி இல்லை என்பது என் கருத்து. ஆனால் விளையாடத் தெரிய வேண்டும்.

"வரலாற்றில் 'ஆனால்' என்ற சொல்லுக்கு இடமில்லை" என்று விரிவுரையாளர் சிலர் சொல்வார்கள். சரயேவோக் காரைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரியே. கார் திரும்பியது ஒரு தற்செயல். தற்செயலை மாற்றிப் பார்த்து என்ன கற்றுக்கொள்ளப் போகிறோம்? மழை பெய்திருந்தால் என்றும் கேட்கலாம், குதிரை நொண்டியிருந்தால் என்றும் கேட்கலாம், முடிவே இராது. மாற்றிப் பார்க்கத் தகுந்தது ஒருவர் யோசித்து எடுத்த முடிவு. இரண்டு வழிகள் எதிரே இருந்து, இரண்டையும் அறிந்தே ஒன்றைத் தேர்ந்த முடிவு.

அப்படிப்பட்ட முடிவு பால்கன் கதையிலேயே இருக்கிறது. 1912 அக்டோபரில் செர்பியா, பல்கேரியா, கிரேக்கம், மாண்டினீக்ரோ ஆகிய நான்கும் சேர்ந்து துருக்கிய உதுமானியப் பேரரசின் மீது போர் தொடுத்தன. அப்போதே ஆஸ்திரியாவும் ரஷ்யாவும் மோதிக்கொண்டிருக்க வேண்டும். மோதவில்லை. காரணம், பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் சர் எட்வர்ட் கிரே அந்த டிசம்பரில் வல்லரசுகளின் தூதர்களை லண்டனில் ஒரே மேசையைச் சுற்றி உட்கார வைத்தார். மாதக்கணக்கில் பேசினார்கள். 1913 மே மாதம் லண்டன் உடன்படிக்கை கையெழுத்தானது. பங்கு பிரிப்பதில் தகராறு வந்து பால்கன் நாடுகள் தங்களுக்குள் இரண்டாம் முறை அடித்துக்கொண்டபோதும் வல்லரசுகள் விலகியே நின்றன. ஆகஸ்டில் புக்காரெஸ்டில் அதுவும் முடிந்தது. அடுத்த ஆண்டு சரயேவோக் கொலைக்குப் பிறகு, ஜூலை 26ஆம் நாள், கிரே அதே மருந்தை மறுபடி நீட்டினார். பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி நான்கும் லண்டனில் கூடிப் பேசலாம் என்றார். ஜெர்மனி மறுத்தது. இரண்டு நாளில் ஆஸ்திரியா செர்பியாவின் மீது போர் அறிவித்தது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, "கார் நேரே போயிருந்தால்?" என்பதன்று, "ஜெர்மனி அந்தக் கூட்டத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தால்?" என்பதே.

ஒப்புக்கொண்டிருந்தால், கோல சிலாங்கூரில் என்ன மாறியிருக்கும்? இந்தக் கேள்வியோடு தேடத் தொடங்கினால், பால்கன் நாம் நினைப்பதுபோல் அவ்வளவு தொலைவில் இல்லை என்று தெரிகிறது. முதல் பால்கன் போர் நடந்துகொண்டிருந்த அதே 1912 நவம்பரில், பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு கூட்டு மலாய் மாநிலங்கள் பிரிட்டிஷ் கடற்படைக்கு ஒரு போர்க்கப்பலை அன்பளிப்பாகத் தர முன்வந்தன. அதற்கு 'எச்.எம்.எஸ். மலாயா' என்று பெயர். விலை ஏறக்குறைய 30 இலட்சம் பவுன். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? ஈயத்திலிருந்தும் இரப்பரிலிருந்தும் வந்த வருவாயிலிருந்து. ஈயம் தோண்டியவர் சீனர். பால் வெட்டியவர் பெரும்பாலும் தமிழர். கூட்டரசு மன்றத்தில் தீர்மானம் நிறைவேறியபோது இவர்களில் யாரையும் யாரும் கேட்கவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அந்தக் கப்பல் 1916இல் ஜட்லண்ட் கடற்போரில் சண்டையிட்டது. பிறகு 1922 நவம்பரில் அது ஒரு விநோதமான வேலையைச் செய்தது. பதவியிழந்த கடைசி உதுமானிய சுல்தான் ஆறாம் மெகமெட்டைக் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து ஏற்றிக்கொண்டு மால்டா தீவுக்குப் போனது. பால்கன் போர்களில் தொடங்கிய ஒரு பேரரசின் இறுதி ஊர்வலத்துக்குப் பல்லக்கு தூக்கியது நம் பால்மரக் காட்டுப் பணம்! வரலாறு சில வேளைகளில் நாடகக்காரனைவிட அதிகம் துணிகிறது.

போரின் இன்னோர் எச்சம் நம் நாவிலேயே இருக்கிறது. 1914 செப்டம்பர் 22ஆம் நாள் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசிய ஜெர்மானியக் கப்பல் எம்டன், அடுத்த மாதம் 28ஆம் நாள் பினாங்குத் துறைமுகத்துக்குள்ளேயே புகுந்து ரஷ்யப் போர்க்கப்பல் ஒன்றை மூழ்கடித்தது. 'அவன் பெரிய எம்டன்' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னால், கிரேயின் கூட்டம் நடக்காமற்போனதன் விளைவைத்தான் சொல்கிறார்கள்.

மூன்றாவது சான்று எங்கள் ஊருக்கே உரியது. ஹென்றி பொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1905இல் மலாயாவுக்கு வந்து, சிலாங்கூர் ஆற்றங்கரையில் ரந்தாவ் பாஞ்சாங்கில் தோட்டம் போட்டார். 1911 வாக்கில் சுமாத்திராவிலிருந்து செம்பனை விதைகளைக் கொண்டுவந்து முதலில் அழகுக்காக நட்டார். போர் மூண்டதும் தோட்டத்தை விட்டுவிட்டுப் பிரெஞ்சுப் படையில் சேரக் கப்பலேறினார். ஆனாலும் போர் நடந்துகொண்டிருந்த 1917ஆம் ஆண்டிலேயே, நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் பத்தாங் பெர்ஜுந்தையில் உருவானது. அதன் பெயர் தென்னமரம் தோட்டம். மலேசியாவின் கோடிக்கணக்கான செம்பனை மரங்களின் தாய்வீட்டுக்குத் தமிழ்ப் பெயர். அதுவும் வேறொரு மரத்தின் பெயர். பொக்கோனியே பின்னர் இந்த மண்ணைப் பற்றி எழுதிய 'மலேசி' என்ற நாவல் 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. தோட்டத் தமிழர்கள் அதில் வருகிறார்கள். நம் மண்ணின் கதைக்குப் பாரிசில் பரிசு கிடைத்த செய்தி நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இவ்வளவையும் அடுக்கிய பிறகு அந்த மாணவியின் கேள்விக்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டும். கிரேயின் கூட்டம் நடந்து, போர் தவிர்க்கப்பட்டிருந்தால், 'எம்டன்' என்ற சொல் தமிழில் இருந்திராது. துருக்கிய சுல்தான் தம் அரண்மனையிலேயே இருந்திருக்கலாம். பொக்கோனியே துப்பாக்கி தூக்காமல் கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார். செம்பனை எப்படியும் வந்திருக்கும். விதை போருக்கு முன்பே வந்துவிட்டது. லயத்தில்? விடியுமுன் பெரட்டுக்கு ஆள் கூப்பிட்டிருப்பார்கள். கங்காணி பேர் பதிந்திருப்பார். துரையின் குதிரை வந்திருக்கும். கூலியில் ஒரு காசு கூடியிருக்கும் என்று சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை. இரப்பர் விலை ஏறியிறங்கியது. விலை வானத்தைத் தொட்ட 1910லும் வெட்டியவன் வாழ்வு அதற்கேற்ப உயரவில்லை. உலகையே புரட்டிப்போட்ட அந்தப் பிரிவுச்சாலை எங்கள் லயத்து வாசலைக் கடந்து போனது, உள்ளே வரவில்லை. அன்று நாங்கள் சிரித்ததற்குக் காரணம் இதுதான் என்றால், சிரிப்பு முற்றிலும் தவறன்று.

அப்படியானால் வல்லரசுகளின் எந்த முடிவு உள்ளே வந்தது? அதற்கு ஐரோப்பாவை விட்டு நம் மேலாவத்திக் குன்றுக்கு வர வேண்டும். கழகச் சுற்றுலாவில் நாம் குரங்குகளுக்குப் பயறு கொடுத்துவிட்டுப் பீரங்கிகளின் மேல் ஏறிப் படமெடுத்துக்கொள்கிறோமே, அதே குன்று. 1784இல் டச்சுக்காரர்கள் அந்தக் கோட்டையைப் பிடித்தார்கள். மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் மீட்டார். 1871 ஜூலையில் 'ரினால்டோ' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் அங்கே குண்டு வீசியது. அது சிலாங்கூர் உள்நாட்டுப் போர்க்காலம். ராஜா மஹ்டி ஒரு பக்கம், தெங்கு கூடின் மறு பக்கம். கிள்ளான் ஆற்றின் ஈய வருவாய் யாருக்கு என்பதே சண்டையின் மூலம்.

அதுவரை லண்டன் அரசின் கொள்கை, மலாய் மாநிலங்களின் சண்டைகளில் தலையிடுவதில்லை என்பது. செலவு அதிகம், இலாபம் நிச்சயமில்லை. 1873இல் அந்தக் கொள்கை மாறியது. மாற்றத்துக்கான பல காரணங்களில் ஒன்று என்னை இன்றும் வியக்க வைக்கிறது. சிலாங்கூர் ஈயத்தில் பணம் போட விரும்பிய நிறுவனம் ஒன்றின் சார்பில் சீமோர் கிளார்க் என்பவர் லண்டன் காலனித்துவ அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். பிரிட்டன் கைகொடுக்காவிட்டால் இந்தச் சிறு மாநிலங்கள் வேறொரு வல்லரசின் பாதுகாப்பைத் தேடக்கூடும், அது பெரும்பாலும் ஜெர்மனியாக இருக்கும் என்று அதில் ஒரு பூச்சாண்டி காட்டினார். பிஸ்மார்க் பிரான்சை வீழ்த்திச் சில ஆண்டுகளே ஆகியிருந்த நேரம். காலனித்துவ அமைச்சர் கிம்பர்லி பிரபு அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டார். செப்டம்பரில் புதிய ஆளுநர் ஆண்ட்ரூ கிளார்க்குக்குப் புதிய கட்டளை போனது. 1874 ஜனவரியில் பங்கோர் ஒப்பந்தம். விரைவிலேயே சிலாங்கூருக்கு ரெசிடென்ட். 1875இல் சிலாங்கூர் ரெசிடென்ட் ஆனவர் ஜே. ஜி. டேவிட்சன், அதே ஈயச் சலுகையில் பங்கு வைத்திருந்த சிங்கப்பூர் வழக்கறிஞர் அவர்! ஜெர்மனி உண்மையில் சிலாங்கூரை விரும்பியதா என்பது வேறு கேள்வி. ஒரு வணிகர் கடிதத்தின் பயமுறுத்தல் போதுமானதாக இருந்தது.

கிம்பர்லி அந்தக் கடிதத்தைக் குப்பைக் கூடையில் போட்டிருந்தால்? இங்கே கற்பனையை அவிழ்த்துவிட வேண்டியதில்லை. விடையில் ஒரு பகுதி மலாக்கா நீரிணைக்கு அப்பால் கண்முன்னே இருக்கிறது. 1824ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் பிரிட்டனும் ஹாலந்தும் செய்துகொண்ட ஒப்பந்தம், ஒரே மொழி பேசி ஒரே கடலில் மீன் பிடித்துவந்த இரண்டு கரைகளை இரண்டு வல்லரசுகளின் வட்டங்களாகப் பிரித்தது. அக்கரையில் சுமாத்திராவின் தெலி. அங்கும் தோட்டங்கள் எழுந்தன. முதலில் புகையிலை, பிறகு இரப்பர், செம்பனை. அங்கும் துரைமாருக்குக் கூலிக்கு ஆள் தேவைப்பட்டது. தமிழர்களை அமர்த்த டச்சுக்காரர்கள் விரும்பினார்கள். ஆனால் இந்தியாவிலிருந்து ஆள் போகும் கதவின் சாவி பிரிட்டிஷ் இந்திய அரசிடம் இருந்தது. அந்தக் கதவு பிரெஞ்சு ரீயூனியன் தீவுக்கு 1860இல் ஒப்பந்தம் போட்டுத் திறக்கப்பட்டு, அங்கே ஆட்களை நடத்திய விதத்தைப் பார்த்து 1882இல் மூடப்பட்டது. டச்சு சுரிநாமுக்கு 1870இல் ஒப்பந்தம் போட்டுத் திறக்கப்பட்டது. தெலிக்கு அப்படித் திறக்கப்படவில்லை. எனவே அங்கே சீனரும், பிறகு ஜாவானியரும் வந்தார்கள்; ஓடிப்போனால் சிறை என்ற கூலிச் சட்டத்தின் கீழ் வாழ்ந்தார்கள். பினாங்கு வழியாகவும் பிற வழிகளிலும் போய்ச் சேர்ந்த சில ஆயிரம் தமிழர்களின் நினைவாக மேடானில் ஒரு மாரியம்மன் கோயிலும் ஒரு சிறு சமூகமும் இன்றும் இருக்கின்றன.

ஆகவே தெலிதான் நடந்திருக்கக்கூடிய சிலாங்கூர். சிலாங்கூர் வேறொரு கொடியின் கீழ்ப் போயிருந்தால், கோல சிலாங்கூரிலும் ஈஜோக்கிலும் புக்கிட் ரோத்தானிலும் தோட்டங்கள் இருந்திருக்கும். அவற்றில் நாம் இருந்திருக்க மாட்டோம், அல்லது மேடான்போல் ஒரு தெருவளவே இருந்திருப்போம். நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்; நீங்கள் இந்தக் கழகத்தில் இருந்திருக்க மாட்டீர்கள். இதைச் சொல்வது பிரிட்டனுக்கு நன்றி பாராட்டவா? ஒருபோதும் இல்லை. 'தமிழன் கடின உழைப்பாளி, அதனால்தான் வெள்ளைக்காரன் அழைத்துவந்தான்' என்று மேடைகளில் நாம் பெருமையடித்துக்கொள்வதைச் சற்று நிறுத்தவே சொல்கிறேன். ஜாவானியரும் கடின உழைப்பாளிகள்தாம். எந்த இனம் எந்தக் கரையில் வெட்டும் என்பதை இரண்டு மூன்று அலுவலகங்களில் மைபோட்டு முடிவு செய்தார்கள். நம்மை இங்கே கொண்டுவந்தது நம் பண்புமல்ல, நம் பாவமுமல்ல.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இப்படி வல்லரசுகளின் முடிவுகளையே அடுக்கிக்கொண்டு போனால், 'தலையெழுத்து' என்பதற்குப் பதிலாக 'லண்டன் எழுத்து' என்று சொன்னதாகிவிடும். எழுதியவன் மாறினானே தவிர, எழுதப்பட்டவர்களாகவே நாம் இருப்போம். நம்மவர்களே வழியைப் பிரிக்க முயன்ற தருணங்களும் உண்டு. அவற்றில் எனக்கு மிக நெருக்கமானது 1941.

அவ்வாண்டு ஏப்ரல் 6ஆம் நாள் ஜெர்மனி யூகோஸ்லாவியா மீதும் கிரேக்கத்தின் மீதும் படையெடுத்தது. மறுபடியும் பால்கன். அந்த மாத இறுதியில் பிரிட்டிஷ் படைகள் கிரேக்கத்தை விட்டுக் கப்பலேறித் தப்பின. அதே வாரங்களில்தான் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் பரவிக்கொண்டிருந்தது. போரினால் இரப்பருக்கு நல்ல கிராக்கி. அமெரிக்காவுக்கு விற்ற ஒவ்வொரு டன்னும் பிரிட்டனுக்கு டாலர். ஆனால் தமிழ்த் தொழிலாளிக்குச் சீனத் தொழிலாளியைவிடக் குறைந்த கூலி. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் முன்னின்றார். தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளின் பட்டியலை ஒவ்வொரு மாணவரும் ஒரு முறையாவது படிக்க வேண்டும். சீனருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்துதல், கள்ளுக்கடைகளை மூடுதல், உறவினர் தோட்டத்துக்குள் வந்துபோக அனுமதி, சங்கம் அமைக்கும் உரிமை. இவற்றுக்கு நடுவே ஒன்று: துரையின் முன்னாலும் கிராணிமார் முன்னாலும் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்காமல் போகலாம் என்ற உரிமை.

இந்தச் சைக்கிள் கோரிக்கையை நான் முதன்முதலில் படித்தது பல்கலைக்கழக நூலகத்தில். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெளியே வந்து நின்றேன். உலகப் போர் நடக்கிறது. நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுகின்றன. இங்கே ஒரு கூட்டம் மனிதர்கள் கேட்பது, துரை எதிரே வரும்போது மிதித்துக்கொண்டே போகும் உரிமையை. சிறிய கோரிக்கை என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அது அந்தப் பட்டியலிலேயே பெரியதாகத் தெரிகிறது. கூலியைக் கூட்டிக் கொடுத்துவிட்டு மறுநாள் குறைக்கலாம். சைக்கிளில் ஒரு முறை நிமிர்ந்து போனவனை மறுபடி இறக்குவது கடினம். முதலாளிமாருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

மே 5ஆம் நாள் நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரித் தோட்டங்கள் மேலும் கொதித்தன. வேலைநிறுத்தம் சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவியது. படை வந்தது. மே 16ஆம் நாள் சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. தொழிலாளர் ஐவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். பலர் சிறையிடப்பட்டனர், பலர் கப்பலேற்றப்பட்டனர். ஏழு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். சைக்கிளில்தான் தெற்கு நோக்கி வந்தார்கள் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

இங்கே கேட்கலாம். அந்த மே மாதத்தில் அரசு சுடுவதற்குப் பதிலாகப் பேசியிருந்தால்? இது வெறும் ஆசையன்று, வழி இருந்தது. கிரே 1912இல் வல்லரசுகளை உட்கார வைத்ததுபோல, தொழிலாளர் பிரதிநிதிகளையும் தோட்டக்காரர் சங்கத்தையும் ஒரு மேசையில் உட்கார வைப்பது போருக்கு நடுவிலும் செய்யக்கூடிய காரியம்தான். இரப்பருக்கு விலையும் இருந்தது. மறுத்தது ஒரு தேர்வு. தேர்ந்தெடுத்தவர்கள் தோட்டக்காரர் சங்கத்தின் பேச்சைக் கேட்டார்கள்.

பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இயன்றவரை அடக்கத்தோடு சொல்கிறேன். ஜப்பானியர் வருகையைக் கிள்ளான் வேலைநிறுத்தம் தடுத்திருக்க முடியாது. சியாம் ரயில்பாதை போடப்பட்டுத்தான் இருக்கும். ஆனால் மலாயாவிலிருந்து அங்கே கொண்டுபோகப்பட்ட எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். அவர்கள் தோட்டம் தோட்டமாக, பேச ஆளில்லாமல் லாரி ஏற்றப்பட்டார்கள். சொந்தமாக ஒரு சங்கமும், அறிந்து நம்பிய தலைவர்களும், ஒரு தோட்டத்துச் செய்தியை இன்னொரு தோட்டத்துக்குக் கொண்டுபோகும் பழக்கமும் இருந்திருந்தால், எத்தனை பேர் முன்கூட்டியே காட்டுக்குள் ஒளிந்திருப்பார்கள், எத்தனை குடும்பங்கள் தப்பியிருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. எண்ணிக்கை சொல்ல நான் துணியமாட்டேன். இதற்குமேல் போனால் ஆதாரம் தீர்ந்து கற்பனை தொடங்கிவிடும்.

பழைய கதை என்று சிலர் சொல்லலாம். புக்கிட் தாகார் பக்கம் மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி முதலிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் ஒரு சொந்த வீட்டுக்காக எத்தனை ஆண்டு, எத்தனை அலுவலகம் ஏறி இறங்கினார்கள் என்று அந்தப் பக்கத்துக்காரர்களைக் கேளுங்கள். அங்கேயும் ஒவ்வொரு கட்டத்திலும் யாரோ ஒருவர் மேசையில் இரண்டு தாள்கள் இருந்தன.

கட்டுரையை முடிக்குமுன் இன்னொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்தில் தொண்ணூறை நெருங்கும் ஒரு பாட்டி. அங்கேயே பிறந்தவர், அங்கேயே பால் வெட்டியவர். கையில் இருப்பது சிவப்பு அடையாள அட்டை. மெர்டேக்காவுக்குப் பிறகு ஓராண்டுக்குள் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தால், இங்கே பிறந்த அவருக்கு மலாய்மொழித் தேர்வுகூட இல்லை. இதை நான் புத்தகத்தில் படித்துவிட்டு, பெரிய கண்டுபிடிப்புபோல அவரிடம் போய்ச் சொன்னேன். பாட்டி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தெரியும்யா. பாரத்தைக் கொடுக்கக் கோல சிலாங்கூருக்குப் போவணும். ஒரு நாள் வேலை போயிடும். அன்னிக்கு வெட்டுக்கு ஆளு கொறச்சலு. கிராணி, அடுத்த மாசம் போ புள்ளன்னாரு. அடுத்த மாசம் பெரியவன் பொறந்துட்டான். அப்புறம் யாரு போறது?"

அறுபதுகளின் இறுதியில் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் என்று சட்டம் வந்தது. தோட்டத்துக்குத் தோட்டம் ஆட்கள் 'ரஜூலா' கப்பலேறினார்கள். பாட்டியின் தம்பி குடும்பமும் ஏறியது. பாட்டியின் கணவருக்கு நீலநிற அட்டை இருந்ததால் இவர் தங்கிவிட்டார். தம்பியை அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

"அன்னிக்கு நான் பெரட்டுல பேரு கொடுக்காம நேரா பஸ்ஸு ஏறிப் போயிருந்தா, தம்பியையும் கையோட இழுத்துட்டுப் போயிருப்பேன். அவன் நான் போனாத்தான் வருவான்," என்றார். பிறகு விரல்விட்டு எண்ணினார். தம்பி, தம்பி மனைவி, நான்கு பிள்ளைகள். அந்தப் பிள்ளைகள் இங்கேயே இருந்திருந்தால் யார் எந்தப் பள்ளியில் படித்திருப்பார்கள், யாருக்கு யாரைக் கட்டியிருக்கலாம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார். மூத்த பெண்ணுக்கு ஜெரத்தில் ஒரு மாப்பிள்ளையைக்கூடப் பார்த்து வைத்திருந்தார்.

நான் கையில் நோட்டு எடுத்துப் போகவில்லை. அடுத்த விடுமுறையில் எடுத்துப் போகிறேன். அன்று கேள்வி கேட்ட மாணவியும் விரும்பினால் வரலாம். பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பஸ் இருக்கிறது.